திரும்பி வராத விமானங்களை எண்ணியவர்: யார் இந்த ஆபிரகாம் வால்ட்?

சமூக ஊடகங்களில் அடிக்கடி வலம் வரும் படம் அது. நீங்களும் பார்த்திருப்பீங்க. பழைய போர் விமானம் ஒன்றின் கோட்டோவியம். இறக்கை, உடல், வால் எல்லாம் சிவப்புப் புள்ளிகள். இயந்திரம் இருக்கும் இடம் வெறுமையாக இருக்கும்.

அந்தப் புள்ளிகள், போரிலிருந்து திரும்பி வந்த விமானங்களில் குண்டு துளைத்த இடங்கள். அதிகம் துளைபட்ட இடத்துக்குத்தானே கவசம் போட வேண்டும்? அப்படித்தான் நமக்குத் தோன்றும். ஆனால் துளையே இல்லாத இடத்துக்குத்தான் போடணும் என்று ஒரு கணித மேதை சொன்னாராம். காரணம், அங்கே அடி வாங்கிய விமானங்கள் திரும்பி வரவே இல்லை.

அந்த மேதையின் பெயர் ஆபிரகாம் வால்ட்.

ஆனா இந்தக் கதையில் கொஞ்சம் கற்பனையும் கலந்திருக்கு. அந்தப் படத்தை வால்ட் வரையவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, விளக்கத்துக்காக மற்றவர்கள் உருவாக்கியது. அதிகாரிகள் நிறைந்த அறையில் அவர் எழுந்து நின்று எல்லாரையும் திகைக்க வைத்தார் என்பதற்கும் ஆவணம் எதுவும் இல்லை. அவர் விட்டுச் சென்றது பக்கம் பக்கமாகக் கணக்கு.

அந்தக் கணக்குகளுக்குப் பின்னால் இருந்த கேள்வி, விமானத்தைவிடப் பெரியது. எது நடக்கும் என்று தெரியாது. எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதும் தெரியாது. ஆனாலும் இப்போதே முடிவெடுக்க வேண்டும். அப்ப எது சிறந்த முடிவு?

சனிக்கிழமை பள்ளிக்குப் போகாத பையன்

வால்ட் பிறந்தது 1902 அக்டோபர் 31ஆம் தேதி. ஊர், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த கொலோஸ்வார். இன்று அது ருமேனியாவில் இருக்கிறது. பெயர் குளூஜ்-நபோகா.

கட்டுப்பாடான யூதக் குடும்பம். தாத்தா யூத சமய குரு. அப்பா ரொட்டிக்கடைக்காரர். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். அன்று எழுதக்கூடக் கூடாது. அங்கிருந்த பள்ளிகளிலோ சனிக்கிழமையும் வகுப்பு. அதனால் பையனுக்கு வீட்டிலேயே பாடம். அண்ணன் மார்ட்டின் பொறியியல் படித்தவர். வால்ட்டின் கணித ஆர்வத்தை வளர்த்ததில் அவருக்கும் பங்குண்டு.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற வால்ட், 1927இல் வியன்னாவில் கார்ல் மெங்கர் என்ற கணிதப் பேராசிரியரைத் தேடிப் போனார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பாடங்கள் மூன்றே மூன்று. மற்றதெல்லாம் சொந்தமாகப் படித்ததுதான். 1931இல் முனைவர் பட்டம் கிடைத்தது. அப்போது அவருடைய துறை வடிவியல். புள்ளியியல் பக்கம் அவர் இன்னும் வரவில்லை.

பட்டம் இருந்தது, வேலை இல்லை

1930களின் வியன்னாவில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு யூதருக்குப் பல்கலைக்கழக வேலை கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். எவ்வளவு திறமை இருந்தாலும் சரி.

கணிதத்தில் ஆர்வம் கொண்ட கார்ல் ஷ்லெசிங்கர் என்ற வங்கியாளருக்கு வால்ட் தனிப்பாடம் நடத்தினார். அப்புறம் பொருளியலாளர் ஆஸ்கர் மோர்கென்ஸ்டெர்ன் நடத்திய வர்த்தகச் சுழற்சி ஆய்வுக் கழகத்தில் வேலை கிடைத்தது. பிழைப்புக்காக வந்த வேலைதான், ஆனால் அதுவே அவருடைய பாதையை மாற்றியது. ஒரு சந்தையில் எல்லாப் பொருள்களின் விலையும் ஒரே நேரத்தில் சமநிலைக்கு வர முடியுமா என்ற பழைய கேள்விக்கு, சில நிபந்தனைகளோடு கணித நிரூபணம் தந்தார். பருவத்துக்குப் பருவம் மாறும் புள்ளிவிவரங்களை எப்படிக் கையாள்வது என்று ஒரு நூலும் எழுதினார்.

அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு அமைப்பின் அழைப்பு வந்தது. வால்ட் தயங்கினார். குடும்பம், நண்பர்கள், வேலை எல்லாம் இங்கேதான்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அன்றே ஷ்லெசிங்கர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆண்டே வால்ட் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

குடும்பம் ஊரிலேயே இருந்தது. 1944ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் கொலோஸ்வார் யூதர்கள் ரயில்களில் அடைத்து அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். வால்ட்டின் பெற்றோர் உட்படக் குடும்பத்தில் பெரும்பாலோர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். ஹெர்மன் என்ற சகோதரர் பிழைத்தார். போருக்குப் பிறகு அவர் அமெரிக்கா வந்து சேர்ந்தார்.

பாதி சோதனையிலேயே நிறுத்தலாமா?

அமெரிக்காவில் சில மாதம் கொலராடோவில் இருந்த வால்ட், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே ஹெரால்டு ஹொட்டெலிங் என்ற பேராசிரியரிடமிருந்து நவீனப் புள்ளியியலைக் கற்றுக்கொண்டார். 1941இல் லூசில் லாங் என்பவரை மணந்தார். இரண்டு பிள்ளைகள்: பெட்டி, ராபர்ட்.

அமெரிக்கா போரில் இறங்கியதும், கொலம்பியாவுக்குப் பக்கத்தில் புள்ளியியல் ஆய்வுக் குழு ஒன்று இரகசியமாக இயங்கத் தொடங்கியது. தலைவர் ஆலன் வாலிஸ். பின்னாளில் பொருளியல் நோபெல் பரிசு பெற்ற மில்டன் ஃபிரீட்மனும் அதில் இருந்தார். துப்பாக்கிக்குப் பதில் பேனா பிடித்துப் போருக்கு உதவிய குழு அது.

வால்ட்டுக்கு அங்கே ஒரு விசித்திரமான நிலை. பிறந்த நாடு எதிரி அணியில் இருந்ததால், சட்டப்படி அவர் எதிரி நாட்டவர். அவரே எழுதும் இரகசிய அறிக்கையை அவரே படிக்க அனுமதி இல்லை! அவர் எழுதி முடிக்கும் ஒவ்வொரு தாளையும் செயலாளர்கள் உடனே கையிலிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று குழுவில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்களாம்.

1943இல் அந்தக் குழுவுக்கு ஒரு கேள்வி வந்தது. வெடிகுண்டுகளைச் சோதிக்க இத்தனை ஆயிரம் சுட வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிக்கை வைப்பது வழக்கம். அனுபவமுள்ள ஓர் அதிகாரிக்குப் பாதியிலேயே முடிவு தெரிந்துவிடும். ஆனா விதிப்படி மிச்சத்தையும் சுட்டே ஆகணும். இது வீண் இல்லையா என்று கடற்படை அதிகாரி ஒருவர் வாலிஸிடம் குறைப்பட்டார்.

வாலிஸும் ஃபிரீட்மனும் யோசித்துப் பார்த்தார்கள். தங்களால் முடியாது என்று தோன்றியதும் வால்ட்டிடம் கொண்டுபோனார்கள். முதலில் அவர் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. ஓரிரு நாளில் அவரே தொலைபேசியில் அழைத்து, வழி இருக்கிறது என்றார்.

அவருடைய வழி எளிமையானது. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும். இதுவரை கிடைத்த முடிவுகள், பொருள் நல்லது என்ற கூற்றுக்கு எவ்வளவு பொருந்துகின்றன, மோசம் என்ற கூற்றுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று ஒப்பிட வேண்டும். ஒப்பீடு ஒரு மேல்கோட்டைத் தாண்டினால் ஒரு முடிவு, கீழ்க்கோட்டைத் தாண்டினால் மற்றது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் இன்னும் ஒரு சோதனை. அவ்வளவுதான்.

இதனால் தவறு செய்யும் வாய்ப்பு கூடவில்லை. ஆனால் தேவைப்படும் சோதனைகள் சராசரியாக ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆயிரக்கணக்கான தொழிற்கூடங்கள் இந்த முறையைப் பயன்படுத்தின. போர் முடியும்வரை இதை இரகசியமாகவே வைத்திருந்தார்கள். அதே காலத்தில் பிரிட்டனில் எதிரியின் சங்கேதக் குறிகளை உடைத்துக்கொண்டிருந்த ஆலன் டியூரிங்கும் இதைப் போன்ற ஒரு வழியைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

சரி, விமானக் கணக்கு என்ன?

அதே 1943இல்தான் வால்ட் விமானங்களைப் பற்றி எட்டுக் குறிப்புகள் எழுதினார். போர்க்காலத்தில் எழுதியவை 1980இல் மறுபடி வெளியிடப்பட்டன. அதில் அவர் விளக்கத்துக்காகத் தந்திருக்கும் ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்க.

400 விமானங்கள் புறப்படுகின்றன. 380 திரும்புகின்றன. திரும்பியவற்றின் நிலை இது:

- துளையே இல்லாதவை: 320
- ஒரு துளை: 32
- இரண்டு துளை: 20
- மூன்று துளை: 4
- நான்கு துளை: 2
- ஐந்து துளை: 2

மீதி 20 விமானங்கள் எங்கே, எத்தனை அடி வாங்கி விழுந்தன? தெரியாது. தெரிந்துகொள்ளவும் முடியாது. கடலிலோ எதிரி நாட்டிலோ கிடக்கின்றன.

வால்ட் சில அனுமானங்களை வைக்கிறார். அடிபடாத விமானம் விழாது. எந்த விமானமும் ஐந்துக்கு மேல் அடி வாங்கவில்லை. ஒவ்வோர் அடியும் ஒரே அளவு ஆபத்தானது. அப்படியானால் அடிபட்ட விமானங்கள் மொத்தம் 80: துளையோடு திரும்பிய 60, விழுந்த 20.

ஒரு குண்டு வாங்கிய விமானம் தப்ப, ஒரு முறை அதிர்ஷ்டம் வேண்டும். இரண்டு வாங்கினால் இரண்டு முறை. திரும்பி வந்த எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிப் போனால், முதலில் எத்தனை விமானங்கள் அந்தக் குண்டுகளை எதிர்கொண்டன என்று கணக்கிடலாம். மொத்தம் 80 வர வேண்டுமென்றால், ஓர் அடியைத் தாங்கும் வாய்ப்பு சுமார் 85 விழுக்காடாக இருக்க வேண்டும். அதாவது ஒரே ஒரு குண்டு பட்டாலும், நூற்றில் ஏறக்குறைய 15 விமானங்கள் விழும்.

யோசிச்சுப் பாருங்க. கண்ணில் படாத விமானங்களைப் பற்றி, கண்ணில் பட்டவற்றை வைத்து ஓர் எண் கிடைத்துவிட்டது.

இதே முறையை விமானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகச் செய்யலாம். வானில் குண்டுகள் எல்லாப் பகுதியிலும் பரவலாகப் படும் என்றால், திரும்பி வந்த விமானங்களின் இயந்திரத்திலும் அதற்குரிய பங்கு துளை இருக்க வேண்டும். அது குறைவாக இருந்தால், மிச்சத் துளைகள் விழுந்த விமானங்களில் இருக்கின்றன. பிரபலமான அந்தப் படம் சொல்ல வருவது இதைத்தான்.

படத்தில் வராத இன்னொரு விஷயமும் குறிப்புகளில் இருக்கு. என் அனுமானம் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று வால்ட் தன்னையே கேட்டுக்கொள்கிறார். ஏற்கனவே அடிபட்ட விமானத்துக்கு அடுத்த அடி இன்னும் ஆபத்தானதாக இருக்கலாமே? அதற்கும் கணக்குப் போட்டு, விடை இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் இடையில் இருக்கும் என்று எல்லைகளைத் தருகிறார். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, அதற்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்வது. அதுதான் வால்ட்டின் பாணி.

நூறு பொட்டலமா, நாற்பதா?

இப்ப அவருடைய மிகப் பெரிய வேலைக்கு வருவோம். 1939இல் எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்கி, 1950இல் வெளிவந்த நூல்வரை அவர் இதைத்தான் வளர்த்தெடுத்தார். முடிவுக் கோட்பாடு என்று சொல்வார்கள்.

பள்ளியில் படிக்கும் கணக்கில், எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கும். லாபத்துக்கு ஒரு சூத்திரம் தருவார்கள். அதிகபட்சம் எங்கே என்று கண்டுபிடித்தால் போதும். வாழ்க்கையில் அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே ஒரு கேள்விக்குறி இருக்கும். உங்கள் லாபம் உங்கள் முடிவை மட்டும் பொறுத்ததா? நீங்கள் கட்டுப்படுத்த முடியாத ஒன்றையும் பொறுத்ததாச்சே.

ஓர் எளிய உதாரணம். இரவுச் சந்தையில் நாசி லெமாக் கடை போடுகிறீர்கள். ஒரு பொட்டலம் செய்ய 2 வெள்ளி செலவு. விற்பது 5 வெள்ளிக்கு. மழை இல்லாவிட்டால் 100 பேர் வாங்குவார்கள். மழை வந்தால் 40 பேர்தான். மிஞ்சியதை வீசணும். மத்தியானமே சமைத்தாக வேண்டும். எத்தனை செய்வீர்கள்?

- 100 செய்தால்: மழை இல்லாவிட்டால் லாபம் 300 வெள்ளி. மழை வந்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.
- 70 செய்தால்: மழை இல்லாவிட்டால் 210 வெள்ளி. மழை வந்தால் 60.
- 40 செய்தால்: எப்படி இருந்தாலும் 120 வெள்ளி.
- 120 செய்தால்: மழை இல்லாவிட்டால் 260 வெள்ளி. மழை வந்தால் 40 வெள்ளி நட்டம்.

முதல் படி, கண்ணை மூடிக்கொண்டு தள்ளக்கூடியதைத் தள்ளுவது. 120 செய்வதைவிட 100 செய்வது இரண்டு நிலையிலும் நல்லது. அதனால் வானத்தைப் பார்க்காமலேயே 120ஐ விட்டுவிடலாம்.

மிச்சம் மூன்று. இங்கேதான் சிக்கல். வெயிலில் 100 ஜெயிக்கும், மழையில் 40 ஜெயிக்கும். எல்லா நிலையிலும் சிறந்தது என்று ஒன்று இல்லவே இல்லை.

மழைக்கான வாய்ப்பு தெரிந்தால் பிரச்சினை இல்லை. 30 விழுக்காடு என்று வையுங்கள். சராசரியாக 100 பொட்டலத்துக்கு 210 வெள்ளி வரும், 70க்கு 165, 40க்கு 120. நூறுதான் சரி.

வாய்ப்பே தெரியாவிட்டால்? வால்ட் முன்வைத்த ஒரு வழி இது. ஒவ்வொரு முடிவிலும் நடக்கக்கூடிய ஆக மோசமானதைப் பாருங்கள். அந்த மோசங்களில் எது தேவலாம் என்று பார்த்து அதை எடுங்கள். நூறில் ஆக மோசம் பூஜ்யம். எழுபதில் 60. நாற்பதில் 120. ஆகவே 40 பொட்டலம். இதற்கு மினிமேக்ஸ் என்று பெயர். இயற்கையை ஓர் எதிராளியாக வைத்து விளையாடும் ஆட்டம் மாதிரி. ஜான் வான் நியூமனும், வால்ட்டுக்கு வியன்னாவில் வேலை கொடுத்த அதே மோர்கென்ஸ்டெர்னும் சேர்ந்து 1944இல் ஆட்டக் கோட்பாட்டு நூலை வெளியிட்டிருந்தார்கள். தன் வேலைக்கும் அதற்கும் உள்ள தொடர்பை வால்ட் விரிவாகக் காட்டினார்.

இன்னொன்றையும் அவர் நிரூபித்தார். கணிதர்கள் இன்றும் வியக்கும் விஷயம் அது. ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: முட்டாள்தனம் இல்லாத எந்த முடிவுக்குப் பின்னாலும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கும். நம் கடையையே பாருங்க. மழை வாய்ப்பு 60 விழுக்காடு என்றால் மூன்று முடிவுகளுக்கும் சராசரி லாபம் 120 வெள்ளிதான். அதற்கு மேல் போனால் 40 செய்வது நல்லது, குறைந்தால் 100 நல்லது. அப்படியானால் 40 பொட்டலம் செய்பவர், மழைக்கு 60 விழுக்காட்டுக்குக் குறையாத வாய்ப்பு இருக்கிறது என்று நம்புபவரைப் போலத்தான் நடந்துகொள்கிறார். எனக்கு எதுவும் தெரியாது, பத்திரமாக இருக்கேன் என்று அவர் நினைத்தாலும் சரி. பத்திரமான முடிவு என்பதும் உலகத்தைப் பற்றிய ஒரு கணிப்புதான்.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்களா?

இல்லை.

பிரிட்டிஷ் புள்ளியியல் மேதை ரொனால்டு ஃபிஷர், அறிவியலைத் தொழிற்கூடச் சரக்குச் சோதனை போல நடத்தக்கூடாது என்று பின்னாளில் எதிர்த்தார். ஒரு விஞ்ஞானி உண்மையைத் தேடுகிறார், சரக்கை ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுப்பதில்லை என்பது அவர் வாதம்.

வால்ட்டுடன் போர்க்காலக் குழுவில் இருந்த லெனர்டு சாவேஜ் வேறு கோணத்தில் வந்தார். ஆக மோசமானதை மட்டும் பார்த்தால் மனிதன் எதையும் செய்ய மாட்டான். 40 பொட்டலம் செய்த நாளில் வானம் வெளுத்திருந்தால் எவ்வளவு வருத்தப்படுவீர்கள்? 180 வெள்ளி போச்சே! 100 செய்த நாளில் மழை வந்தால் வருத்தம் 120. 70 செய்தால் எப்படிப் போனாலும் வருத்தம் 90ஐத் தாண்டாது. வருத்தத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், நடுவில் உள்ள 70தான் விடை.

ஒரே கடை. ஒரே வானம். நூறும் சரி, எழுபதும் சரி, நாற்பதும் சரி. எது உங்களுக்குச் சரி என்பது, நீங்கள் எதைத் தாங்க முடியும் என்பதைப் பொறுத்தது. ஒரு நாள் நட்டப்பட்டால் கடையையே மூட வேண்டிய நிலையில் இருப்பவருக்கும், பத்துக் கடை வைத்திருப்பவருக்கும் ஒரே விடை இருக்க முடியாது. கணக்கு அந்தத் தேர்வை உங்கள் கையிலிருந்து பறிக்கவில்லை. நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை உங்களுக்கே காட்டுகிறது.

நீலகிரியில் முடிந்த பயணம்

1946இல் கொலம்பியாவில் கணிதப் புள்ளியியலுக்கென்று தனித் துறை உருவானது. பொறுப்பு வால்ட்டிடம் வந்தது. ஒரு காலத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் வேலை தராத மனிதர், இப்போது உலகம் முழுவதும் அழைக்கப்படும் பேராசிரியர்.

1950இன் கடைசியில் இந்திய அரசின் அழைப்பை ஏற்று வால்ட் இந்தியாவுக்கு வந்தார். பல இடங்களில் விரிவுரை. மனைவி லூசிலும் கூட வந்தார். பிள்ளைகள் வரவில்லை.

டிசம்பர் 13ஆம் தேதி அவர்கள் ஏறிய ஏர் இந்தியா விமானம் நீலகிரி மலையின் வடபகுதியில், ரங்கசாமித் தூண் என்ற பாறைக்கு அருகே மோதி நொறுங்கியது. கணவன் மனைவி இருவரும் மாண்டனர். வால்ட்டுக்கு அப்போது 48 வயது. முடிவுக் கோட்பாடு பற்றிய அவருடைய நூல் அந்த ஆண்டுதான் வெளிவந்திருந்தது.

மகன் ராபர்ட்டுக்கு அப்போது மூன்று வயது. அவர் வளர்ந்து, கருந்துளைகளையும் ஈர்ப்பு விசையையும் ஆராயும் இயற்பியல் பேராசிரியரானார். பொதுச் சார்பியல் பற்றி அவர் எழுதிய பாடநூல் உலகெங்கும் பயன்படுகிறது.

விமானங்களைப் பற்றி எழுதியவர் விமானத்திலேயே இறந்தாரே என்று இணையத்தில் பலர் வியப்பதுண்டு. அதில் பாடம் எதுவும் இல்லை. ஆக மோசமானதை மட்டும் எண்ணியிருந்தால் அவர் அந்த விமானத்தில் ஏறியிருக்க மாட்டார். நாமும் எந்த விமானத்திலும் ஏற மாட்டோம். தன் விதி எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று வால்ட்டும் சொல்லவில்லை. வாய்ப்புகளைப் பற்றி நம்பகமான தகவல் எதுவும் இல்லாதபோது கைகொடுக்கும் ஒரு வழி என்றுதான் அதை வைத்தார்.

இன்று அவர் எங்கே இருக்கிறார்?

நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்தில்.

ஒரு புதிய மருந்தையோ தடுப்பூசியையோ சோதிக்கும்போது, முழுச் சோதனையும் முடியும்வரை காத்திருக்காமல் இடையிடையே முடிவுகளைப் பார்க்கிறார்கள். பலன் தெளிவாகத் தெரிந்தாலோ ஆபத்து தெரிந்தாலோ நிறுத்திவிடலாம். எப்போது பார்க்கலாம், எந்தக் கோட்டைத் தாண்டினால் நிறுத்தலாம் என்பதை முன்கூட்டியே வகுக்கும் முறைகள், வால்ட்டின் வெடிகுண்டுச் சோதனையிலிருந்து கிளைத்தவை.

தொழில்துறையில் 1955இல் ஜார்ஜ் டான்ட்சிக் என்ற கணிதர், தேவை எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாதபோது வளங்களைத் திட்டமிடும் முறையை உருவாக்கினார். பிறகு, எண்கள் எந்த அளவுக்கு மாறினாலும் திட்டம் உடைந்துவிடக்கூடாது என்று முதலிலேயே எல்லை வகுத்துக்கொள்ளும் இன்னொரு கிளை வளர்ந்தது. மின்சாரம், சரக்குப் போக்குவரத்து, முதலீடு என்று பல துறைகளில் இது பேசப்படுகிறது. செயற்கை நுண்ணறிவில், ஏமாற்றப் பார்க்கும் எதிராளியை வைத்தே ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கும் முறை உண்டு. அங்கேயும் கணக்கு அதேதான்: ஆக மோசமானதில் நல்லது எது?

நமக்கு? பெரிய கணிதம் வேண்டியதில்லை. மேற்படிப்புக்கு எந்தத் துறை, இந்த வேலையை விடுவதா, சேமிப்பை எதில் போடுவது. இப்படி எந்த முடிவுக்கும் முன்னால் ஒரு தாளில் மூன்றை எழுதிப் பார்க்கலாம். என்னால் என்னென்ன செய்ய முடியும்? என் கட்டுப்பாட்டில் இல்லாதது எப்படியெல்லாம் போகலாம்? ஒவ்வொன்றிலும் எனக்கு என்ன இழப்பு?

நான்காவதாக ஒரு கேள்வி, அந்த விமானங்களிலிருந்து வருவது. ஜெயித்தவர்களின் கதைகளைக் கேட்டு முடிவெடுக்கும்போது, இதே பாதையில் போய்த் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்? அவர்கள் நம் திரையில் வர மாட்டார்கள். நாமதான் அவர்களையும் எண்ணணும்.